ஓர் இரவு, நான்கு பெரிய ஜோடி: ஒரு பூக்கடைக்காரரின் போக்கர் கணக்கு

2025 ஜனவரி, பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறரை மணிக்கு என் மனைவியின் தம்பி வந்து வாசலில் நின்றார். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். பனியில் மல்லிகை வரத்து சுருங்கி, பண்டிகைக்காக விலை ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த நேரத்தில் அவர் கடையை விட்டு நகரவே மாட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் காபியைத் தொடவில்லை. "மச்சான், ஏஸ் ஜோடி, ராஜா ஜோடின்னு பெரிய சீட்டா வந்து வந்தே என்னைக் கவுத்திருச்சு" என்றார்.

முந்தின இரவு ஆன்லைன் போக்கரில் அவர் விட்டது 18,540 ரூபாய். அதில் 10,000 அவருடைய பணமே இல்லை. பூக் கொண்டுவரும் விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய, கடைக் கணக்கில் வைத்திருந்தது.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறவன். போக்கர் எனக்குத் தெரிந்த ஆட்டம்; காசு வைக்காமல் நண்பர்களோடு நிறைய ஆடியிருக்கிறேன். அன்று அவரைத் திட்டத் தோன்றவில்லை. பட்டுவாடாவுக்கு வேண்டிய பணத்தை அனுப்பிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். ஒவ்வொரு கையிலும், அதாவது சீட்டுப் போட்டு முடியும் ஒவ்வொரு சுற்றிலும், யார் எவ்வளவு போட்டார்கள், கடைசிவரை நின்றவர்களிடம் என்ன சீட்டு இருந்தது என்று செயலி வைத்திருக்கும் ஹேண்ட் ஹிஸ்டரியை எடுத்துத் தர முடியுமா? தந்தார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து 396 கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெயரும் கடையும் தெரியாமல் எழுதுங்கள், நாலு பேருக்கு உதவட்டும் என்று சொன்னது அவர்தான்.

மேசை விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் உட்காரும் டெக்சஸ் ஹோல்டம் மேசை. ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு இரண்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (பிளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). இந்த ஏழில் சிறந்த ஐந்து யாருடையதோ அவர் ஜெயிப்பார். சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது ஃபோல்ட், எதிரே போட்ட அளவு போட்டுத் தொடர்வது கால், அதற்கு மேல் உயர்த்துவது ரெய்ஸ், கையிருப்பு முழுவதையும் போடுவது ஆல் இன். எல்லோரும் போட்ட பணம் சேர்வது பானை. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும்முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகப் போட வேண்டிய பணம், 10, 20 ரூபாய். அவர் எடுத்துப் போன தொகை 2,000, அதாவது நூறு பெரிய பிளைண்ட். ஆட உட்காரும்முன் அவருக்கு அவரே இரண்டு வரம்பு வைத்திருந்தார். 4,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பன்னிரண்டு மணிக்கு மேல் ஆடக்கூடாது. இரண்டும் நியாயமான வரம்புகள். அவற்றை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

<b>முதல் ஏஸ் ஜோடி: 11.20</b>

ராத்திரி 9.40க்கு ஆரம்பித்தார். பதினொன்றே காலுக்கு 2,640 ரூபாயில் இருந்தார். அதுவரை அவர் ஆடியதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 118 கையில் 27இல் மட்டுமே பணம் போட்டு உள்ளே போயிருக்கிறார். மீதியைப் பேசாமல் ஃபோல்ட் செய்திருக்கிறார். பூ மார்க்கெட்டில் கூடையைத் தொட்டுப் பார்த்ததுமே வேண்டாம் என்று தள்ளிவிடுகிற மனிதரின் ஆட்டம் அது.

11.20க்கு அவருக்கு இரண்டு ஏஸ் வருகிறது. பட்டனில் (பிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்) இருந்து 60க்கு ரெய்ஸ் செய்கிறார். பெரிய பிளைண்டில் இருப்பவர் 200 ஆக்குகிறார். இவர் 500. அவர் ஆல் இன், 2,180. இவர் கால். எதிரே ராஜா ஜோடி. பிளாப்பில் ஒன்றும் இல்லை, டர்னில் ராஜா விழுந்து அவருக்கு மூன்று ராஜா ஆனது. போயிற்று.

இரண்டு ஏஸ் கையில் விழ 221க்கு ஒரு வாய்ப்பு. எதிரே ராஜா ஜோடி இருக்க, எல்லாப் பணமும் பிளாப்புக்கு முன்பே உள்ளே போவதைவிட நல்ல நிலை இந்த ஆட்டத்தில் அபூர்வம். நூறு முறை இப்படி மோதினால் ஏறக்குறைய 82 முறை ஏஸ் ஜெயிக்கும். பானையில் இருந்தது 4,370. அதில் 82 பங்கு 3,583. தான் போட்ட 2,180ஐக் கழித்தால், மேசைக்காரர் எடுக்கும் ரேக் என்ற கமிஷன் போக, இந்த முடிவு அவருக்குச் சராசரியாக 1,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் சம்பாதித்துத் தரக்கூடியது. விழுந்தது அந்தப் பதினெட்டில் ஒன்று. இதில் அவர் செய்த தவறு எதுவும் இல்லை. இதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன், ஏனென்றால் அவர் அந்த இரவு முழுவதையும் இந்த ஒரு கையின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் போன பிறகு பதினொரு வினாடியில் மேலும் 1,540 போட்டு 2,000 ஆக நிரப்பியிருக்கிறார். பதினொரு வினாடி! தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இரவு திசை மாறியது அந்தப் பதினொரு வினாடியில்தான் என்பது என் எண்ணம்.

<b>ராஜா ஜோடி: 12.35</b>

அடுத்த ஒன்றே கால் மணி நேரத்தில் அவர் ஆட்டம் மெல்ல இளகுகிறது. 88 கையில் 29இல் உள்ளே போகிறார். முன்பு நூற்றுக்கு 23, இப்போது 33. பன்னிரண்டு மணி வரம்பு தாண்டிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை.

12.35க்குப் பெரிய பிளைண்டில் ராஜா ஜோடி, ஆட்டின் ஒன்று, டைமன் ஒன்று. அவருக்கு முன்னால் மூன்று பேர் 20 ரூபாய் மட்டும் போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். இவர் 60 ஆக்குகிறார். மூவரும் சிரமமில்லாமல் கால் செய்கிறார்கள். பானையில் 250.

முதல் தவறு அந்த 60தான். மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே நிற்கும்போது இந்த இடத்திலிருந்து 140, 160 வரை உயர்த்தியிருக்க வேண்டும். பெரிய ஜோடி ஒருவரோடு மோதத்தான் சிறந்தது. ராஜா ஜோடி ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒருவரை நூற்றுக்கு 82 முறை ஜெயிக்கும். அதுவே மூன்று பேர் என்றால் 58. ஏஸ் ஜோடிக்கே ஒருவரிடம் 85 என்பது நால்வரிடம் 56 ஆக இறங்கிவிடும். சீட்டு அதேதான், கூட்டம் மட்டும்தான் கூடுகிறது. "விரட்டிறக் கூடாதுன்னு நெனச்சேன் மச்சான்" என்றார். விரட்டுவதுதான் அங்கே வேலை. விரட்டியும் போகாமல் நிற்பவர் அதிக விலை கொடுத்து நிற்பார், அவ்வளவுதான்.

பிளாப்: இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 8, ஆட்டின் 5.

ராஜா ஜோடி வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சியைப் பழகிக்கொள்ள வேண்டும். பிளாப்பில் ஒரு ஏஸாவது விழ நூற்றுக்கு ஏறக்குறைய 23 வாய்ப்பு இருக்கிறது. ராணி ஜோடி என்றால் ஏஸோ ராஜாவோ விழ 41. ஜாக் ஜோடிக்கு மேல் சீட்டு விழ 57. இது அபூர்வமாக நடக்கும் அநியாயம் இல்லை, வாரம் தவறாமல் நடப்பது. இங்கே எதிரே மூன்று பேர். சீட்டு குருட்டாம்போக்கில் பிரிந்திருந்தாலே, மூவரில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்க மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான வாய்ப்பு. ஆனால் சீட்டு அப்படியே நிற்பதில்லை. மட்டமான சீட்டுகள் வெளியே போய்விட்டன, ஏஸ் வைத்திருப்பவர்கள்தான் பணம் போட்டு உள்ளே நிற்பார்கள். ஆகவே உண்மையான வாய்ப்பு அதைவிட நிச்சயமாக அதிகம்.

200 போடுகிறார். இருவர் கால். இதுவரைகூடச் சரி, ஒரு முறை கேட்டுப் பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். டர்ன் இஸ்பேட் 9. இப்போது தரையில் மூன்று இஸ்பேட் (கையில் இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவருக்கு ஐந்தும் ஒரே இனமாகிவிடும்), ஒரு ஏஸ். இவர் ராஜா இரண்டிலும் இஸ்பேட் இல்லை. அங்கே 500 போடுகிறார். ஒருவர் போய்விட, இன்னொருவர் ஆல் இன். இவரிடம் மிச்சம் 1,300.

இந்த இடத்தில் பதிவு காட்டும் நேரம் 19 வினாடி. அந்த 19 வினாடியில் என்ன நினைத்தார் என்று கேட்டேன். "இவ்வளவு நேரம் காத்திருந்து வந்த ராஜா, எப்படி மச்சான் போட மனசு வரும்" என்றார். நான் அதை எழுதி வைத்துக்கொண்டேன். எதிரே உள்ளவர் என்ன வைத்திருப்பார் என்ற கேள்வியே அதில் இல்லை. காத்திருந்ததற்குக் கூலி கேட்கிற வாக்கியம் அது. ஒரு மணி நேரத்தில் எழுபது கை வரும் மேசையில் ராஜா ஜோடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வரும், உண்மை. ஆனால் காத்திருந்த நேரத்தை மேசை வரவு வைப்பதில்லை. தரையில் ஏஸ் விழுந்த கணத்திலிருந்து அவை இரண்டாவது ஜோடி. கையில் இருக்கும்போது ராஜா, அங்கே வெறும் இரண்டாவது ஜோடி.

கால் செய்தார். எதிரே ஏஸ், 9; தரையோடு சேர்த்து இரண்டு ஜோடி. மிச்சமிருந்த 44 சீட்டில் அவரைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே இரண்டு ராஜா. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2,060 போயிற்று.

பிளாப்புக்கு முன் ராஜா ஜோடியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆறு பேர் மேசையில் மற்ற ஐவரில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. முன்னால் துணிச்சல், பிளாப் விழுந்த பிறகு கண் திறப்பு. அவர் அன்று செய்தது தலைகீழ்: முன்னால் 60 ரூபாய்க்குப் பயந்தார், பின்னால் 1,300க்குக் கண்ணை மூடினார்.

<b>ஒரு மணிக்கு மேல்</b>

12.35க்கு அவர் நஷ்டம் 3,540. நான்காயிரம் வரம்பு இன்னும் உடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் ஆடாமல் படுக்கையில் கிடந்திருக்கிறார். தூக்கம் வரவில்லை. மார்க்கெட்டுக்குக் கிளம்ப நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தார். ஒன்று ஐந்துக்கு எழுந்து 5,000 போட்டு, 25, 50 பிளைண்ட் மேசையில் உட்கார்கிறார். இரண்டரை மடங்கு பெரிய மேசை. "சின்ன மேசையில எடுக்க ரெண்டு நாள் ஆகும்னு தோணுச்சு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் நடு இரவில் ஆட எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகள் அடுத்த மாதம்தான், 2025 பிப்ரவரியில், அமலுக்கு வந்தன: இரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது, 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை வரும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அந்த நேரத் தடையைப் பலர் கேலி செய்து நான் கேட்டிருக்கிறேன். பெரியவர்களுக்குத் தூங்கும் நேரம் சொல்லித்தர வேண்டுமா என்றார்கள். என் முன்னால் இருக்கும் பதிவு வேறு சொல்கிறது. நள்ளிரவுக்கு முன் இவர் நஷ்டம் ஏறக்குறைய 1,500. மீதி அத்தனையும் அந்தத் தடை மூடியிருக்கும் நேரத்தில் போனது.

பெரிய மேசையில் அவர் ஆடியது 190 கை. உள்ளே போனது 93இல். பாதி! ராஜா 6, ராணி 4, ஒரே இனமாக இருக்கிறது என்பதற்காக 9, 3. மாலையில் இதே மனிதர் இவற்றைத் தொட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு கையும் தனிதான், முந்தின கையில் தோற்றது அடுத்த சீட்டுக்குத் தெரியாது. அதனால் நஷ்ட வரம்பு என்பதே தேவையில்லை, நன்றாக ஆடுகிறவர் எவ்வளவு தோற்றாலும் உட்காரலாம் என்று ஒரு வாதம் உண்டு. கணக்காகப் பார்த்தால் அது சரி. உட்கார்ந்திருப்பவர் மாறாமல் இருந்தால் மட்டும். 23, 33, 49 என்று ஏறும் இந்த மூன்று எண்களும் உட்கார்ந்திருந்தவர் மாறிவிட்டதைச் சொல்கின்றன. நஷ்ட வரம்பு சீட்டுக்காக இல்லை, ஆளுக்காக.

<b>ராணி ஜோடி ஜெயித்தது: 2.20</b>

4,300 வரை இறங்கியிருந்தவருக்கு 2.20க்கு ராணி ஜோடி வருகிறது. 150க்கு ரெய்ஸ், எதிரே 450, இவர் கால். பிளாப் 9, 6, 2. மேல் சீட்டு எதுவும் இல்லை. எதிரே உள்ளவர் போடப்போட இவரும் போட்டு, எல்லாம் உள்ளே. எதிரே ஜாக் ஜோடி. நன்றாக ஆடினார், நன்றாக ஜெயித்தார். ரேக் போக 3,900 வரவு, கையில் 8,200.

அதுவரை அவர் போட்ட மொத்தப் பணம் 8,540. அதாவது சரிக்குச் சரி ஆக 340 ரூபாய் குறைவு.

இந்தக் கணக்கில் என்னை அதிகமாக உறுத்தியது இந்த இடம். ராத்திரி இரண்டே கால் மணிக்கு, நாலரை மணி நேரம் கழித்து, 340 ரூபாய் நஷ்டத்தோடு எழுந்து போகக்கூடிய நிலை. அந்த வாரத்து விலையில் அது ஒரு கிலோ மல்லிக்குக்கூடக் காணாது. "அந்த முந்நூத்தி நாப்பதை மட்டும் எடுத்துட்டு எந்திரிச்சிரலாம்னுதான் மச்சான் இருந்தேன்" என்றார். நானும் முதலில் அதை நம்பினேன்.

2.40க்கு இரண்டாவது முறை ஏஸ் ஜோடி. முதல் ஆளாகப் பேச வேண்டிய இடம். 50 மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். பொறி வைத்தாராம். பின்னால் நான்கு பேர் அதே 50க்கு உள்ளே வந்தார்கள். பிளாப் ஜாக், 10, 4. ஐந்து பேர் ஐம்பது ரூபாய்க்குப் பார்க்கும் பிளாப்பில் ஒருவரிடம் ஜாக், 10 இருந்து இரண்டு ஜோடி ஆவதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. இவர் 150 போட, அவர் 600 ஆக்க, இவர் விடாமல் தொடர, 3,100 போயிற்று. அந்த ஆளிடம் இருந்ததே அவ்வளவுதான், இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும். முதல் ஏஸ் ஜோடி தோற்றதற்கும் இது தோற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குப் புரியவைக்க ஒரு முழு மாலை ஆயிற்று. அது அதிர்ஷ்டம் பறித்தது. இது அவர் 50 ரூபாய்க்குக் கதவைத் திறந்து கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் பறித்தது.

அடுத்த இருபத்தைந்து நிமிடத்தில் மிச்சம் 5,100 கரைந்தது. பெரிய கை ஒன்றுகூட இல்லை. 300, 700, 450 என்று. 3.05க்குக் கடைக் கணக்கிலிருந்து 10,000. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதுவும் தீர்ந்தது. பத்து நிமிடத்தில் அலாரம் அடித்தது. அவர் எழுந்து குளித்து மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

<b>கூட்டிப் பார்த்தபோது</b>

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தாளில் நான்கு பெரிய ஜோடிகளை மட்டும் தனியாக எழுதினேன். முதல் ஏஸ்: 2,180 நஷ்டம். ராஜா: 2,060 நஷ்டம். ராணி: 3,900 லாபம். இரண்டாவது ஏஸ்: 3,100 நஷ்டம். மொத்தம் 3,440 நஷ்டம். (ராணி, ராஜா, ஏஸ் என்று ஏதாவது ஒரு ஜோடி 74 கைக்கு ஒன்று வரும். 396 கைக்கு ஐந்தோ ஆறோ வர வேண்டும். வந்தது ஆறு, மற்ற இரண்டிலும் எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டதால் பிளைண்டுச் சில்லறை மட்டும் கிடைத்தது, அதைத் தனியாக எடுக்கவில்லை.)

18,540இல் 3,440. பாக்கி 15,100 ரூபாய் அவர் பெயர்கூட ஞாபகம் வைத்திருக்காத கைகளில் போயிருக்கிறது. ராஜா 6இல், 9, 3இல்.

அந்தத் தாளை அவர் வெகுநேரம் பார்த்தார். பெரிய சீட்டு வந்து கவிழ்த்தது என்றுதானே வந்தார். மனசு அப்படித்தான் சேமித்து வைக்கிறது. ஏஸ் தோற்றது கத்தி மாதிரி நிற்கும், 300 ரூபாய் ஐம்பது தடவை போனது தண்ணீர் மாதிரி ஓடிவிடும். வருத்தம் முழுவதும் அதிர்ஷ்டத்தின் மேல் போய்விடுவதால், மாற்றக்கூடிய இடம் எது என்று கடைசிவரை தெரியாமலே போகிறது. போக்கரில் பணம் இழந்த பத்துப் பேரிடமாவது நான் பேசியிருக்கிறேன். எல்லோரும் ஒரு ஏஸ் கதை வைத்திருந்தார்கள். அந்த ஏஸ் கதைக்குப் பிறகு எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று யாரும் தாமாகச் சொன்னதில்லை.

அந்தப் பெரிய ஜோடி பலரை எழவிடாமல் பிடித்து வைப்பதற்கும் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தோற்ற ஏஸ் ஒரு கடன் பத்திரம் மாதிரி மனசில் தங்கிவிடுகிறது. எனக்கு வர வேண்டியது இருக்கிறது, வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று. தரையில் ஏஸ் விழுந்த பிறகும் ராஜாவைக் கீழே வைக்க முடியாததும், பன்னிரண்டு மணி அடித்த பிறகும் போனைக் கீழே வைக்க முடியாததும் அவர் விஷயத்தில் ஒரே பிடிவாதம்தான். கையில் இருந்தது ஒரு காலத்தில் நல்லதாக இருந்தது என்பதற்காக விடாமல் வைத்திருப்பது.

வரியையும் சொல்ல வேண்டும், அவர் அதை எண்ணவே இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் இப்படிப் போடும் பணத்தின் முழு மதிப்புக்கும் அப்போது 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. போடும் பணத்திலேயே வரியும் அடக்கம் என்பதால், ஆயிரம் போட்டால் அதில் 218 ரூபாய் 75 காசு வரி. பல செயலிகள் அதைப் போனஸாகத் திருப்பித் தந்து ஆடுகிறவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டன. அதற்கும் மேல் ஒவ்வொரு பானையிலும் ரேக். பாதிக் கைக்கு உள்ளே போகிறவர் இரண்டு மடங்கு ரேக் கட்டுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

<b>அதற்குப் பிறகு</b>

இந்தக் கதை நடந்த மேசை இப்போது இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை 2020 ஜூலையிலேயே பேசியது. அதற்குப் பிறகு அவசரச் சட்டம், சட்டம், ரத்து, மறுபடி சட்டம் என்று ஐந்து வருடம் போனது. திறமையா அதிர்ஷ்டமா என்றே வழக்குகள் நடந்தன. 2023 நவம்பரில் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். செயலிகள் பண மேசைகளை மூடின.

போக்கர் திறமை ஆட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு 9, 3 வைத்துக் கால் செய்கிறவரிடம் எந்தத் திறமை மிச்சம் இருந்தது? இப்போதும் வெளிநாட்டுச் செயலி, டெலிகிராம் குழு என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கே இரண்டு அழைப்பு வந்தது. அங்கே பணம் திரும்பி வராவிட்டால் கேட்க ஆளே கிடையாது. யாராவது இந்த வலையில் இன்னும் இருந்து தூக்கம் போயிருந்தால், 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல முதல் படி. இவர் என் வீட்டு வாசலுக்கு வந்ததே பெரிய விஷயம். மூன்று நாள் தள்ளி வந்திருந்தால் கடைக் கணக்கில் இன்னும் என்ன இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நாங்கள் பதிவை மூடப்போன கடைசி மாலை. அவர் மறுபடி அந்த 340க்கே வந்தார். "மச்சான், அந்த ராணி கையில இன்னொரு முந்நூத்தி நாப்பது வந்திருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்ல?"

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. 2.20க்கும் 2.40க்கும் இடையில் உள்ள கைகளை அதுவரை வேகமாகத் தாண்டியிருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தேன். 2.31க்கு ஒரு சின்னப் பானையை ஜெயித்திருக்கிறார், ஜாக் ஜோடி வைத்து. கையிருப்பு 8,610. போட்டது 8,540. எழுபது ரூபாய் லாபத்தில் இருந்திருக்கிறார். நான்கு நிமிடம், ஐந்து கை அப்படியே. அப்புறம் மெல்ல இறங்கி 8,200க்கு வந்தபோதுதான் அந்த இரண்டாவது ஏஸ்.

"பாருங்க மாப்ளே" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பார்த்தார். மாடியில் காற்று நன்றாக இருந்தது, திருப்பரங்குன்றம் மலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். "இதை நான் பாக்கவே இல்லையே மச்சான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, காலையில் லோடு வருகிறது, சீக்கிரம் படுக்க வேண்டும் என்று எழுந்து செருப்பைத் தேடினார். மணி ஒன்பதரை.